வளையலுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்

“உங்க வீட்ல யாராவது வாட்ச் கட்டியிருக்காங்களாம்மா?”

டிசைன் அறையின் தலைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, சந்தேகமாகக் கேட்டார். அது கேலியைவிட அதிகமாகச் சுட்டது.

“இல்ல சார். எங்களுக்கு மில்லு சங்குதான்,” என்றேன்.

அவர் மெட்ராஸ்காரர். எங்கள் ஊர்ச் சங்கைப் பற்றி அவருக்குத் தெரியாது. அப்பா பஞ்சாலையில் வேலை செய்தார். ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. முதல் சங்குக்கு அம்மா அடுப்பு மூட்டுவாள். அடுத்த சங்குக்கு அப்பா சைக்கிளை வெளியே தள்ளுவார். மத்தியானச் சங்குக்கு நாங்கள் தட்டோடு உட்காருவோம். தெருவில் யாரும் யாரிடமும் மணி கேட்டதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

“அப்புறம் எப்படிம்மா நீ வாட்ச் வரைவ?”

“கட்டிப் பழகினவங்க கண்ணுல அது படறதில்ல சார். என் கண்ணுல இன்னும் பட்டுக்கிட்டே இருக்குது.”

யோசித்து வைத்துக்கொண்டு போன பதில் இல்லை. வாயிலிருந்து வந்த பிறகு எனக்கே பிடித்துப்போயிற்று. அவர், “மூணு மாசம் பாக்கலாம். சரிப்படலேன்னா மறுபடியும் பெஞ்சுக்கே போயிடணும்,” என்றார்.

பெஞ்சு என்றால் வாட்ச் பூட்டும் நீண்ட மேசை. எண்பதுகளின் நடுவில் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் எங்களைப் போன்ற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, இடுக்கியால் முள்ளை எடுத்து டயலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருப்போம். கேவலமான வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்து டிப்ளமோ வாங்கியவள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு வாட்ச் முடிந்துபோன பொருளாகத்தான் வந்து சேரும். இந்த முள் ஏன் இவ்வளவு நீளம் என்று அங்கே கேட்டால், “வந்திருக்கறத போடும்மா” என்பார்கள். அதைக் கேட்கலாம் என்று அனுமதித்த ஒரே அறை மாடியில் இருந்தது. எனக்கு அந்த அறை வேண்டும். மூன்று மாதத்துக்குள் நான் வரைந்த ஒரு வாட்ச்சை மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது போல இருந்தது. எல்லாமே யாரோ ஒருவர் முடிவு செய்தவை என்று தெரிந்துகொண்டதுதான் காரணம். பன்னிரண்டு எண்களையும் போடுவதா, நான்கு மட்டும் போட்டு மற்ற இடங்களில் கோடு போடுவதா? கோடு என்றால் எவ்வளவு தடிமன்? நிமிட முள் கோட்டைத் தொட வேண்டுமா, தொடாமல் நிற்க வேண்டுமா? இதற்கெல்லாம் சேர்த்து இண்டஸ்ட்ரியல் டிசைன் என்று பேர் என்பதும், பெரிய நகரங்களில் அதைத் தனியாகப் படிக்கிறார்கள் என்பதும் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். தலைவர் கூட அப்படிப் படித்தவர் இல்லை. வாட்ச் பூட்டி, பழுது பார்த்து, பிறகு வரையத் தொடங்கியவர்.

நான் வரைந்த முதல் டயலைப் பெரிய தாளில் அழகாக வரைந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் சின்னதாக ஒரு பூங்கொடி. அவர் அதைச் சுருக்கிப் படமெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நகத்தளவு வட்டத்தில் கொடிகள் எல்லாம் சேர்ந்து, டயலில் எறும்பு மொய்த்தது போல இருந்தது.

“எறும்புக்கு மணி சொல்லித் தர்றியாம்மா?” என்றார்.

அறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் முதல் ஊரில் பார்க்கும் கையெல்லாம் எனக்குப் பாடம் ஆயிற்று. பெரிய மார்க்கெட்டில், பஸ் நிறுத்தத்தில், கடற்கரைச் சாலையில் நடப்பவர்களிடம், சினிமாக் கொட்டகை வரிசையில் என்று எங்கேயும் முகத்தை விட்டுவிட்டு மணிக்கட்டைத்தான் பார்ப்பேன்.

“ஏண்டி, எல்லார் கையையும் திருடி மாதிரி பாத்துக்கிட்டு வர்ற?” என்று அம்மா என் இடுப்பில் இடித்தாள்.

பெண்களுக்கான புது வாட்ச்சுக்குக் கேஸ் வரையும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கேஸ் என்பது உள்ளே இருக்கும் எந்திரத்தைச் சுற்றியிருக்கும் உலோகக் கூடு. முன்மாதிரிக்காக வெளிநாட்டு விளம்பரத் தாள்களை மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் இருந்த பெண்களின் கைகளை நான் மணிக்கணக்காகப் பார்த்தேன். ஏதோ ஒன்று இல்லாதது போல இருந்தது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில் கீழே சர்வீஸ் பிரிவில் ஒரு தலைவலி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் செய்த பெண்கள் வாட்ச்சுகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. எல்லாச் சீட்டிலும் ஒரே புகார்: நின்று நின்று போகிறது. பிரித்துப் பார்த்தால் எந்தக் கோளாறும் இல்லை. பேட்டரி சரி, எந்திரம் சரி. மேசை மேல் வைத்தால் நாள் முழுக்க ஓடும். திருப்பி அனுப்பினால் மறுபடியும் வரும். ஆண்கள் வாட்ச்சில் அதே எந்திரம்தான். அது திரும்பி வரவில்லை.

“பொம்பளைங்க கைக்குப் போனா மட்டும் நின்னுடுது,” என்று சர்வீஸ்காரர் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார். “அவங்க கையில என்னமோ காந்தம் இருக்குது.”

டிசைன் அறைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எனக்குப் பெஞ்சில் ஒரு தோழி இருந்தாள். டவுனில் அவளுடைய அப்பாவுக்கு வளையல் கடை, அத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவளும் அவள்தான். ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்த வாட்ச் ஒன்றை அவள் வாங்கிக் கட்டியிருந்தாள். ஒரு நாள் காலையில் பஸ் மூலக்குளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கையை உதறினாள்.

“பாரு, மறுபடியும் நின்னுடுச்சு. மாடியில உக்காந்து பெரிய பெரிய படமா போடுறீங்க, ஓடற மாதிரி ஒண்ணு போடக் கூடாதாடி?”

“குடு இப்படி.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். வாட்ச்சின் பக்கத்தில் மணியைத் திருப்பி வைக்க ஒரு சின்னக் குமிழ் இருக்குமே, அதை நாங்கள் எல்லாரும் சாவி என்றுதான் சொல்வோம். பேட்டரி வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை என்றாலும் அந்தப் பேர் மாறவில்லை. அவளுடைய வாட்ச்சில் சாவி ஒரு மயிரிழை வெளியே வந்திருந்தது. சாவி வெளியே வந்தால் எந்திரம் நிற்கும், அது அப்படிச் செய்யப்பட்டதுதான். உள்ளே அழுத்தினேன். முள் நகர்ந்தது.

“நீ இழுத்தியா?”

“எனக்கு வேற வேலையில்லையா?”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் சீட்டுக் கம்பியை அவள் எட்டிப் பிடித்தாள். அவள் கையில் இருந்த மெல்லிய கண்ணாடி வளையல் வாட்ச்சின் பக்கமாக ஓடியது, கேஸுக்கும் சாவிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் உட்கார்ந்தது. அவள் கையைக் கீழே விட்டாள். வளையல் விரல்களை நோக்கிச் சறுக்கியது. போகும்போது சாவியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. முள் நின்றது.

நான் கத்திவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டார்.

“என்னாம்மா, யாருன்னா வுழுந்துட்டாங்களா?”

“இல்லண்ணே, வாட்சு நின்னுடுச்சு!”

“அதுக்கா இந்தக் கத்தல்? எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் விடவில்லை. சேதராப்பட்டு போய்ச் சேருவதற்குள் வாட்ச் கட்டிய ஒவ்வொருத்தி கையையும் தூக்கச் சொல்லி இறக்கச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் இருந்து ஒருத்தி, “ஏய், ஸ்கூல் டிரில் வாத்தியார் வந்திருக்காரு, கையத் தூக்குங்கடி,” என்றாள். எல்லாரும் தூக்கினார்கள். வளையல்கள் ஒரே சமயத்தில் குலுங்கிய அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டிய பதில்.

விளம்பரத் தாள்களில் இல்லாதது என்ன என்று அப்போது புரிந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவரின் மனைவி இருந்தார். மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் பிரான்சில் வாங்கிய ஒரு சின்ன வாட்ச் உண்டு. அது நின்று நான் பார்த்ததே இல்லை. இடது கையில் வாட்ச்சைத் தவிர வேறொன்றும் போட மாட்டார். அந்த வாட்ச்சை வரைந்தவர்கள் வளையல் இல்லாத கைக்கு வரைந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்து அப்படியே எடுத்து, வளையல் போட்ட கைக்கு விற்றுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் ஒரு பெண் வாட்ச் கட்டுவதற்காக ஒரு கையை மூளியாக விட்டால் வீட்டில் விடுவார்களா? ஒற்றை வளையலாவது அந்தக் கையில் கிடக்கும்.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன். தலைவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் உடனே சர்வீஸ் பிரிவுக்கு ஆளனுப்பி, திரும்பி வந்த வாட்ச்சில் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். என் வளையலைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இடுக்கில் விட்டு இழுத்தார். நின்றது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் நின்றது. சின்னப் பிள்ளை போல விளையாடிக்கொண்டே இருந்தார்.

“சரி, கண்டுபிடிச்சுட்ட. எப்படிச் சரி பண்ணுவ?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எந்திரத்தை அப்படியே திருப்பி வைத்தால் சாவி விரல் பக்கத்திலிருந்து முழங்கைப் பக்கத்துக்குப் போய்விடும். வளையல் அங்கே எப்படி வரும்? இரண்டே நாளில் வரைந்தேன். மெஷின் ஷாப்பில் பித்தளையில் ஒரு கேஸ் கடைந்து, உள்ளே ஓடும் எந்திரத்தை வைத்துக் கொடுத்தார்கள். நான் கட்டிக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. கடற்கரைக் காற்றில் நடக்கும்போது இந்த ஊரே என் வாட்ச்சைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அதைப் பெஞ்சில் இருந்த ஓர் அக்காவுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர். டீ நேரத்துக்குள் நின்றுவிட்டது.

“என்னா பாப்பா, ராசியில்லாத கையா என்னுது?” என்று அவர் பாவமாகக் கேட்டார்.

அவர் கையைப் பார்த்தேன். நான் விரல் பக்கத்தில் ஒற்றை வளையல் போடுகிறவள். அவர் வாட்ச்சை மணிக்கட்டோடு ஒட்டிக் கட்டி, வளையல் அடுக்கை அதற்கு மேலே, முழங்கைப் பக்கத்தில் போட்டிருந்தார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் இரண்டு பக்கமும் போட்டிருந்தார். அதற்கு அடுத்தவர் டயலை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்.

தலைவர் கேட்டுவிட்டு, “பிரச்சினையை இந்தப் பக்கத்துலேருந்து எடுத்து அந்தப் பக்கத்துல வச்சுட்ட. உன் கையை மட்டும் பாத்து வரைஞ்சிருக்கம்மா,” என்றார். அதில் கோபம் இல்லை. ஆனால் அடுத்துச் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. “இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. வெளிநாட்டு மாடல் ஒண்ண லேசா மாத்தி மேனேஜர்கிட்ட காட்டிடு. அது போதும், நீ இங்க இருந்துடலாம்.”

அப்படிச் செய்திருந்தால் இருந்திருப்பேன்தான். வளையல் இல்லாத கைக்கு இன்னொரு வாட்ச் வரைந்துவிட்டு அந்த அறையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழியின் கடைக்குப் போனேன். அவளுடைய அத்தா கல்லாவில் இருந்தார். என் கையைப் பார்த்த பார்வையிலேயே, “ரெண்டு நாலு,” என்று அளவு சொன்னார். கடைக்கு வரும் ஒவ்வொருத்தி கையிலும் வளையல் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“வாங்குறதுக்கு வந்தாளா, வேவு பாக்க வந்தாளா உன் கூட்டாளி?” என்று அவர் மகளிடம் கேட்டார்.

“வாட்சு வரையறா அத்தா.”

“வளையல் கடையிலயா?”

அன்று நான் பார்த்தது இதுதான். எத்தனை விதமாகப் போட்டாலும் வளையல் ஒரு பெரிய வட்டம். வாட்ச்சின் பக்கத்தில் வந்து சேரும்போது அது நீளமான ஒரு கம்பி போலத்தான் வரும். சாவியை இழுக்க நாம் பயன்படுத்தும் நகம் அப்படி இல்லை, அது குறுகலானது. சாவிக்கு இரண்டு பக்கமும் கேஸிலிருந்து இரண்டு சின்ன மேடுகள் எழுந்து நின்றால், வளையல் அவற்றின் மேலேயே தங்கிவிடும். நகம் மட்டும் நடுவில் நுழையும். சாவி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, வளையல் எந்தப் பக்கம் கிடந்தாலும் சரி.

கடையில் நின்றபடியே தோழியின் தோளில் ஓங்கி அடித்தேன். அவள் கையில் இருந்த வளையல் பெட்டி தப்பியது அவள் சாமர்த்தியம்.

எங்கள் அறையில் மாதிரிகளை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்து பார்ப்பது வழக்கம். மரம் செதுக்க எனக்கு வராது. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை வாங்கி வந்து பேனாக்கத்தியால் செதுக்கினேன். வட்டமான கேஸ், பக்கத்தில் சாவி, சாவிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு மேடு. எண்ணம் சரியாக இருந்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. தலைவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலை செய்யும். ஆனா ரெண்டு கொம்பு முளைச்ச மாதிரி இருக்கேம்மா. இத எந்தப் பொண்ணு ஆசையா வாங்கிக் கட்டும்?”

வீட்டுக்கு எடுத்து வந்து மறுபடி செதுக்கினேன். மேட்டைக் குறைத்தால் வளையல் நுழைந்தது. குறைக்காவிட்டால் கொம்பு. விதவிதமாகச் செதுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஜன்னலில் ஒன்று குறைந்தது.

“அம்மா, இங்க இருந்தது எங்க?”

“எது, அந்தச் சவுக்காரமா? அப்பா சட்டைக்குப் போட்டேன். நீதான் சின்னச் சின்னதா அறுத்து வச்சிருக்கியே.”

“அய்யோ, அது வாட்சும்மா!”

“வாட்சு நொரைக்குமாடி?”

கிணற்றடிக்கு ஓடினேன். துவைக்கும் கல்லின் மேல் அது நுரையோடு கிடந்தது. கழுவி எடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தவள் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கொம்புகள் இல்லை. ஆனால் மேடுகள் இருந்தன. அம்மாவின் உள்ளங்கையும் துணியும் தண்ணீரும் தேய்த்துத் தேய்த்து, கத்தி விட்ட விளிம்புகளையெல்லாம் கரைத்துவிட்டிருந்தன. கேஸ் வட்டமாகத் தொடங்கி, சாவியை நெருங்கும்போது மெதுவாகப் பருத்து, சாவியை உள்வாங்கிக்கொண்டு, மறுபடி மெதுவாக இறங்கியது. ஒட்டவைத்த மேடு போல இல்லாமல் உள்ளிருந்தே வளர்ந்தது போல இருந்தது. மாதிரியின் அளவுக்குப் பொருத்தமாக என் தடித்த வளையலைக் கழற்றி மேலே ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று, எங்கேயும் சிக்கவில்லை.

“அம்மா, இன்னும் அழுக்குத் துணி இருக்கா?”

அம்மா என்னைப் பயத்தோடு பார்த்தாள். ஜன்னலில் இருந்த மற்ற மாதிரிகளையும் எடுத்து வந்து துவைக்க உட்கார்ந்தேன். எத்தனை துணிக்கு எவ்வளவு கரைகிறது, எந்த இடத்தில் நிறுத்தினால் மேடு போதுமான உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் வேட்டி, தம்பியின் பள்ளிக்கூட உடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் துவைத்து முடித்து, பக்கத்து வீட்டுக்கும் போய்த் துணி கேட்டேன். அந்த வீட்டு அக்கா, “பொண்ணு பாக்க யாருன்னா வர்றாங்களா?” என்று அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தாராம்.

நன்றாகக் கரைந்த மாதிரி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். தலைவர் அதைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். விடவே இல்லை. “இது யார் செதுக்கினது?” என்றார்.

“எங்கம்மா துவைச்சது சார்.”

மெஷின் ஷாப்பில் மறுபடி பித்தளையில் கேஸ் தயாரானது. இந்தத் தடவை நான் கட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பெஞ்சுக்குக் கொடுத்தேன். புதிதாகக் கல்யாணம் ஆன அக்கா, இரண்டு பக்கமும் வளையல் போடுகிறவர், டயலை உள்பக்கம் கட்டுகிறவர், தோழி என்று கைமாறிக்கொண்டே போயிற்று. ஓடிக்கொண்டேயும் இருந்தது.

மேனேஜர் பார்க்கும் நாள் வந்தது. மேசை மேல் பழைய வாட்ச்சையும் என்னுடைய பித்தளை மாதிரியையும் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார், மாதிரியைத் தள்ளி வைத்தார்.

“லேடீஸ் வாட்ச்னா மெலிசா இருக்கணும்மா. இது என்ன, ஒரு பக்கம் வீங்கின மாதிரி? வெளிநாட்டுல இப்படி யாரும் பண்றதில்லையே.”

காரணம் சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனால் கேட்கவில்லை என்று தெரிந்தது. கண் கடிகாரத்துக்குப் போய் வந்தது. தலைவர் ஏதோ பேச வாயெடுத்தார். அதற்குள் நான் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வளையலை எடுத்து மேசை மேல் வைத்தேன். தோழி கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. “ரெண்டு பத்து. எங்க கடையிலயே பெருசு. ஆம்பளைக் கைக்கு இதுக்கு மேல இல்ல,” என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“சார், இத போட்டுக்கிட்டு இந்தப் பழைய வாட்ச்சக் கட்டுங்க. கட்டிக்கிட்டு உங்க வேலையப் பாருங்க. அது போதும்.”

மேனேஜர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரைப் பார்த்தார். முடிந்தது, நாளைக்குப் பெஞ்சுதான் என்று நினைத்தேன்.

“நான் போட்டா வீட்டுல கோவிச்சுக்க மாட்டாளா?” என்றார் மேனேஜர். வளையலை எடுத்து விரல்களைக் குவித்து நுழைத்தார்.

வாட்ச்சை வளையலுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டிக்கொண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. டெலிபோனை எடுத்தார், பேசினார், வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு ஃபைலை எட்டி எடுத்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். திரும்பி உட்கார்ந்து மணி பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நின்னுடுச்சு,” என்றார்.

அதைக் கழற்றிவிட்டு என் மாதிரியைக் கட்டிக்கொண்டார். நாங்கள் வெளியே போகலாம் என்று கையால் சைகை செய்தார். மத்தியானம் வரை ஒரு சேதியும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் ஒரே கூச்சல். மேனேஜர் வளையலைக் கழற்ற மறந்து சாப்பிட வந்திருக்கிறார். பாத்திரம் கழுவும் அக்காக்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் தட்டோடு நேராக எங்கள் மேசைக்கு வந்து, வளையல் போட்ட கையை நீட்டி, தலைவரிடம் வாட்ச்சைக் காட்டினார்.

“காலையிலேருந்து ஓடுது. டூல் போடச் சொல்லுங்க.”

எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. டூல் போடுவது என்றால் கேஸை நூற்றுக்கணக்கில் அடித்தெடுக்க அச்சு செய்வது. வேலை முடிந்து கிளம்பும்போது தலைவர், “அந்த ஜன்னலோர டேபிளைச் சுத்தம் பண்ணிக்க. அது இனிமே உன்னோடது,” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று அம்மா கேட்டதற்கு, “சும்மா, டீக்கடை வரைக்கும்,” என்றார். திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அச்சு தயாராகச் சில மாதம் ஆகும், அதுவரை டயல்களை வரைந்துகொண்டிரு என்று சொன்னார்கள். வரைந்தேன். ஆனால் ஜன்னலோர மேசைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. சர்வீஸ் பிரிவில் கேட்டுப் பார்த்தேன். வாட்ச் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தோல் வார் உப்பிப்போய் அறுந்துவிடுகிறது என்று பெண்கள் கொண்டுவருகிறார்களாம். வார் அனுப்புகிறவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் கையை நினைத்துச் செய்யவில்லை.

தலைவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் தோல், நைலான், ரெக்சின் என்று கிடைத்த வார்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். பாத்திரம் கழுவும் அக்காக்களை வரிசையாக உட்காரச் சொல்லி, ஆளுக்கொன்றாக வெறும் வாரை மட்டும் கையில் கட்டினேன்.

“மணி எங்கம்மா இதுல?” என்றார் ஓர் அக்கா, கையைத் திருப்பிப் பார்த்து.

“அது அப்புறம்க்கா. மொதல்ல இது தாங்குதான்னு பாக்கணும். ஒரு வாரம் கழட்டாதீங்க.”

“எங்க வூட்டுக்காரரு என்னா இதுன்னு கேட்டா?”

“வேலைன்னு சொல்லுங்க.”

அவர் வார் கட்டிய கையை முழங்கை வரை அண்டாவுக்குள் விட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.